தறி ஓய்ந்த நாளில் கேட்கும் பந்து

அமரபுரத்தில் தறிச் சத்தம் கேட்கவில்லை என்றால் அன்றைக்குப் பௌர்ணமி, இல்லாவிட்டால் அமாவாசை. மற்ற நாட்களில் எங்கள் நெசவுத் தெருக்களில் மாமியாரும் மருமகளும் சண்டை போடுவதென்றால்கூட ஏரிக்கரைக்குப் போய்த்தான் போட வேண்டும். அந்த இரண்டு நாட்கள் மட்டும் தறியை நிறுத்தி, தலைக்குக் குளித்து, தோளில் பழுப்புச் சால்வையைப் போட்டுக்கொண்டு எல்லோரும் விகாரைக்குப் போய்விடுவார்கள். ஊர் அடங்கிவிடும். காதுக்கு அப்படி ஒரு சுகம்.

அந்தச் சுகம் வாய்க்காத ஒரே ஆள், ஏரிக்கரைத் தேக்கு மடத்துப் பிக்கு ஊ நந்தியர். ஆண்களுக்கு 'ஊ', பெண்களுக்கு 'டோ', அது எங்கள் ஊர் மரியாதை. தறி நின்றால் அவருக்குப் பந்து கேட்கும்.

பிரம்புப் பந்து. பின்னிய பிரம்பு புறங்காலில் பட்டு எழும்பும்போது 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். பர்மாவில் பிறந்தவன் அதை எங்கே கேட்டாலும் அவனுடைய கால் தானாக ஒரு விரல்கடை மேலே எழும்பும். ஆனால் நந்தியருக்கு அது கேட்டது தெருவிலிருந்து அல்ல. மடத்தின் பலகைத் தளத்துக்குக் கீழே, தேக்குத் தூண்களுக்கு நடுவே இருட்டாகக் கிடக்கும் இடத்திலிருந்து. ஒரு டொக். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டொக். தனியாக ஒருவன் ஆடினால் அப்படி இடைவெளி விழாது. இரண்டு பேர் மாற்றி மாற்றி ஆடுகிற சத்தம் அது.

முப்பது வருஷத்துக்கு மேலாக இப்படி. மனுஷர் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

அவரைப் பற்றிச் சொல்வதென்றால் ஏழு வயதில் தொடங்க வேண்டும். ஆற்றுக்கு மேற்கே எள்ளு விளைகிற ஒரு வறண்ட கிராமம். அப்பா போனதும், ஒரு வேளைச் சோறாவது நிச்சயம் என்று அம்மா கொண்டுவந்து மொட்டையடித்து மடத்தில் விட்டுவிட்டுப் போனாள். மடத்துத் தலைவரான சயாடோ பையனைத் தன் பக்கத்திலேயே படுக்க வைத்துக்கொண்டார். பையனுக்கு அசாத்திய ஞாபகம். பாடத்தை ஒரு தடவை கேட்டால் போதும், திருப்பிச் சொல்லிவிடுவான். வயது வந்து முழு பிக்குவானதும், இருநூற்று இருபத்தேழு விதிகளையும் பாலி மொழியில் தங்குதடையில்லாமல் ஓத அவரை விட்டால் ஆளில்லை என்று ஆகிவிட்டது.

இந்த ஓதலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் மடத்துப் பிக்குகள் எல்லோரும் ஒன்றாகக் கூடி உட்காருவார்கள். அதற்கு முன்பே இரண்டிரண்டு பேராக எதிரெதிரே குந்தி உட்கார்ந்து, கை கூப்பி, செய்த குற்றங்களை ஒருவருக்கொருவர் சொல்லித் தீர்த்துக்கொள்வார்கள். பிறகு ஒருவர் விதிகளை ஓதுவார். ஒவ்வொரு பகுதி முடிந்ததும், "இதில் நீங்கள் தூய்மையாக இருக்கிறீர்களா?" என்று மூன்று முறை கேட்பார். யாரும் வாய் திறக்காவிட்டால் எல்லோரும் தூய்மை. இத்தனை வருஷமும் அப்படிக் கேட்டு வந்தவர் நந்தியர்தான். கேட்கிறவரும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

மற்றபடி ஊருக்குத் தெரிந்த நந்தியர் வேறு. சோப்பு விஷயத்தில் மகா கஞ்சர். கரைந்து நகம் அளவு ஆன சோப்பைப் புது சோப்பின் முதுகில் ஒட்டிவைப்பார். மடத்துச் சிறுவர்கள் ஓடினால் திட்டுவார், உரக்கச் சிரித்தால் திட்டுவார், சோற்றை வாய் நிறையத் திணித்தால் தலையில் ஒரு குட்டு. ஆனால் அதே பையன்கள் எங்கேயாவது மறைவாகப் பந்தை எத்திக்கொண்டிருந்தால், பார்த்தும் பார்க்காதவர் மாதிரி திரும்பிப் போய்விடுவார். கிழவருக்குக் காது மந்தம் என்று பையன்கள் பேசிக்கொண்டார்கள். மடத்துக்குக் கீழே அவர் அடியெடுத்து வைத்ததே இல்லை என்பதை மட்டும் ஒருவரும் கவனிக்கவில்லை.

அதற்குக் காரணம் ஊ கோசலர்.

கோசலர் காவி கட்டுவதற்கு முன்னால் மந்தலே திருவிழாக்களில் நடுவட்டத்தில் நின்று ஆடியவர். சுற்றி ஐந்து பேர், நடுவில் ஒருவர். நடுவில் நிற்பவர் சுழன்றுகொண்டே, முதுகுக்குப் பின்னால் வரும் பந்தைப் பார்க்காமலேயே குதிகாலால் தூக்கி எடுப்பார். கூட்டம் ஓவென்று கத்தும். அம்மாவுக்குக் கடும் காய்ச்சல் வந்தபோது, பிழைத்தால் ஒரு மழைக்காலம் காவி கட்டுகிறேன் என்று வேண்டிக்கொண்டார். அம்மா பிழைத்தாள். கட்டியவர் கழற்றவில்லை. பாலி அவர் நாக்கில் புரளவே புரளாது. ஓதும்போது பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொள்வார்கள். வயதில் ஒத்தவர் என்பதால் அவருக்குப் பாடம் சொல்லித்தரும் பொறுப்பு நந்தியர் தலையில் விழுந்தது.

பாடம் சொல்லித்தந்த லட்சணம் இப்படி இருக்கும்.

"எதிராளி கிடையாது, கோல் கிடையாது, ஜெயிச்சவன் தோத்தவன் கிடையாது," என்பார் கோசலர். "கீழ விழாமப் பாத்துக்கணும், அவ்வளவுதான். இதுல எங்கய்யா இருக்கு விளையாட்டு? இது தியானம்யா."

"தியானம்னா எதுக்குய்யா பக்கத்துல மேளம் அடிக்கிறானுங்க?"

"இங்க நீங்க மணி அடிக்கலியா?"

"வாய மூடிட்டுப் படி. பிக்குவுக்குப் பந்தாட்டம் ஆகாதுன்னு விதி இருக்கு. விதின்னா விதிதான்."

"ஏய்யா, பொறந்ததுலேருந்து நீ ஒரு தடவகூட எத்தினது இல்லியா?"

இல்லை. ஏழு வயதில் வந்தவர் எங்கே எத்துவது? மதிலுக்கு அந்தப் பக்கம் தெருப் பையன்கள் ஆடுவதைச் சன்னல் வழியாகப் பார்த்து நின்றதற்குச் சின்ன வயதில் முதுகில் பிரம்படி வாங்கியிருக்கிறார். பந்தும் பிரம்பு, அடித்ததும் பிரம்பு. பிறகு அந்தச் சன்னல் பக்கமே போவதில்லை என்று ஆக்கிக்கொண்டார்.

முப்பது வருஷத்துக்கு முந்தி ஒரு மழைக்காலத்தில், பௌர்ணமிக்கு முந்தின நாள் பிற்பகல், இரண்டு பேரும் பின்முற்றத்தில் காவித் துணி அலசிக்கொண்டிருந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. மதிலைத் தாண்டி ஒரு பந்து வந்து சேற்றில் விழுந்து துள்ளியது. "சாமி! பந்து சாமி!" என்று வெளியே பையன்கள் கத்தினார்கள். கோசலரின் இரண்டு கையிலும் பிழிந்த துணி. அதனால்தான் அவர் காலை உபயோகித்தார், அதில் பொய்யில்லை. புறங்காலால் ஏந்தி மதிலுக்கு மேலே அனுப்பப் பார்த்தார். ஈரப் பந்து வழுக்கி நந்தியர் பக்கம் வந்தது. நந்தியரின் கால் எழும்பியது. அவர் தூக்கவில்லை, அதுவாகவே எழும்பியது. டொக்.

பந்து நேராகக் கோசலரிடம் போய்ச் சேர்ந்தது. கோசலர் துணியைக் கீழே போட்டார்.

அப்புறம் நடந்தது எவ்வளவு நேரம் என்று நந்தியருக்குத் தெரியாது. மழை வலுத்தது, வெளியே பையன்கள் ஓடிப்போனார்கள், இவர்கள் நிறுத்தவில்லை. காவியை முழங்காலுக்கு மேலே செருகிக்கொண்டு, சேற்றில் வழுக்கிக்கொண்டு, ஒருவர் கொடுக்க ஒருவர் வாங்கி. நந்தியர் வாயைத் திறந்து சிரித்தார். ஏழு வயதுக்குப் பிறகு அவர் பல் தெரியச் சிரித்தது அன்றைக்குத்தான். கடைசியில் கோசலர் முதுகுக்குப் பின்னாலிருந்து குதிகாலால் ஒன்றை உயரத் தூக்கிவிட்டார். அண்ணாந்து பார்த்து நின்ற நந்தியர் காலைத் தாமதமாகத் தூக்கினார். பந்து நழுவி உருண்டு மடத்துக்கு அடியில், பழைய பலகைகளுக்கு நடுவே இருட்டுக்குள் போய்விட்டது. இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எடுக்கப் போகவில்லை.

இது ஒன்றும் தலை போகிற குற்றமில்லை. மடத்தை விட்டே அனுப்பிவிடும் குற்றங்கள் வேறு. இது கடைசி வரிசையில் நிற்கிற ஒரு சோற்றுப் பருக்கைக் குற்றம். இன்னொரு பிக்குவின் முன்னால் குந்தி உட்கார்ந்து சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ஒரே குற்றத்தைச் சேர்ந்து செய்த இரண்டு பேர் அதை ஒருவருக்கொருவர் சொல்லித் தீர்த்துக்கொள்ள முடியாது. ஒரே குழியில் விழுந்தவர்களில் யார் யாரைத் தூக்கிவிடுவது? கரையில் நிற்கிற மூன்றாவது ஆள் வேண்டும்.

மறுநாள் பௌர்ணமி. வழக்கம்போல நந்தியருக்கு எதிரே கோசலர் வந்து குந்தினார். வழக்கமான ஜோடி. கோசலர் கை கூப்பித் தன் குற்றங்களைச் சொன்னார்.

"காண்கிறாயா?" என்று நந்தியரின் நாக்கு கேட்டது.

"காண்கிறேன்."

"இனி அடக்கிக்கொள்."

"நன்று, அடக்கிக்கொள்வேன்."

பிறகு நந்தியர் சொன்னார், கோசலர் கேட்டார். செல்லாது என்று தெரிந்தே நந்தியர் வாயை மூடிக்கொண்டு இருந்தார். கோசலருக்கு விதி தெரிந்திருக்காது என்றே நினைத்தார். பந்தாட்டக்காரனுக்கு இந்த நுணுக்கமெல்லாம் எங்கே தெரியப்போகிறது? நந்தியர் விதிப் பாடப் பரீட்சைக்குப் பெயர் கொடுத்திருந்த சமயம். என் பிள்ளை முதலாவதாக வருவான் என்று சயாடோ வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவரிடம் போய், 'சாமி, பந்தாடினேன்' என்று எப்படிச் சொல்வது? அமாவாசைக்குள் இரண்டு பேருமாகப் பக்கத்து மடத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தால் போயிற்று என்று நந்தியர் தன்னைச் சமாதானம் செய்துகொண்டார். சும்மா தள்ளிப்போட்டார் என்பதுதான் உண்மை.

நான்கைந்து நாளில் கோசலரின் அம்மாவுக்கு மறுபடி முடியவில்லை என்று ஆள் வந்தது. மழைக்காலத்தில் மடத்தை விட்டு வெளியே தங்கக்கூடாது. ஆனால் தாய்க்கு நோய் என்றால் ஏழு நாள் போகலாம். கோசலர் குடையும் பிச்சைப் பாத்திரமுமாகக் கிளம்பினார். வாசல்வரை போனவர் திரும்பி நின்று ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. பிறகு சிரித்துக்கொண்டே, "நீ கால லேட்டாத் தூக்குறய்யா. அதான் விழுந்துச்சு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஆற்றில் வெள்ளம். மறுகரைக்குப் போன படகு நடுவில் கவிழ்ந்தது. குடை கிடைத்தது, கோசலர் கிடைக்கவில்லை.

அடுத்த அமாவாசைக்குத் தறிகள் நின்றன. நந்தியர் ஓத உட்கார்ந்தார். பலகைக்குக் கீழே, டொக்.

சின்னக் குற்றத்தைச் சொல்லாமல் செத்துப்போனவன் அலைவான் என்று எங்கள் பக்கம் பிரசங்கத்தில் சொல்வார்கள். நந்தியரே எத்தனை தடவை சொல்லியிருப்பார்! கோசலர் தான் சுத்தம் என்று நம்பிக்கொண்டே தண்ணீருக்குள் போயிருக்கிறார். சுத்தமில்லை என்பது உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத் தெரியும். நந்தியர் பக்கத்து மடத்துக்குப் போய்த் தன்னுடையதைச் சொல்லிவிட்டு வரலாம்தான். புறப்பட்டும் போனார். பாதி வழியில் நின்றுவிட்டார். தன்னுடையதைத் தான் கழுவிக்கொண்டுவிட்டால் அப்புறம் அந்த இருட்டில் கோசலருக்குத் துணை யார்? இரண்டு பேர் சேர்ந்து செய்தது. ஒருவனை அங்கே விட்டுவிட்டு மற்றவன் மட்டும் கரையேறினால் அது என்ன நியாயம்? திரும்பி வந்துவிட்டார்.

அதோடு போகவில்லை. அதற்கடுத்த பௌர்ணமிக்கு அவர் அந்தச் சத்தத்துக்குப் பயந்தார். ஆனால் அது வருகிறதா என்று காத்துக்கொண்டும் இருந்தார். அப்படியே காலம் ஓடியது. பரீட்சையில் முதலாவதாக வந்தார், பல் விழுந்தது, முழங்கால் வலி வந்தது. அதே மடம், அதே பலகை. மாதத்துக்கு இரண்டு தடவை, தூய்மையாக இருக்கிறீர்களா என்று ஊர் பிக்குகளையெல்லாம் மூன்று முறை கேட்டுவிட்டுத் தான் மட்டும் சும்மா இருந்தார்.

கோசலருக்கு ஒரு தங்கை, டோ ஓன் யீ. அண்ணன் போன பிறகு இங்கேயே வந்து, மடத்துத் தெருமுனையில் மொஹிங்கா என்கிற மீன்குழம்புச் சேமியாக் கடை போட்டுவிட்டாள். வாய்த்துடுக்குக்காரி. காலையில் பிக்குகள் வரிசையாகப் பிச்சைக்கு வரும்போது ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒரு கரண்டிச் சோறு போடுவாள். நந்தியர் பாத்திரத்தில் மட்டும் கூடவே ஒரு பட்டாணி வடை. அது அண்ணன் பேருக்கு. அந்த வடையை அவர் ஒருநாளும் சாப்பிட்டதில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு பௌர்ணமிக் காலை அவள் சோற்றைப் போட்டுவிட்டு நகரவில்லை.

"சாமி, ஒரு நிமிஷம் நில்லுங்க. அண்ணன் கனவுல வந்தான்."

நந்தியர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டே நின்றார். வரிசை முன்னால் நகர்ந்துவிட்டது.

"காவி கட்டிட்டு, ஒத்தக் கால்ல நிக்கிறான் சாமி. இன்னொரு கால மடக்கி, பந்த பாதத்து மேல தாங்கிக்கிட்டு நிக்கிறான். கால் நடுங்குது. 'ஏண்ணா, கால இறக்கித் தொலையேன்'னு கேட்டா, 'நந்தியரக் கேளு'ங்கிறான்."

நந்தியர் பாத்திரத்தை மூடினார்.

"எனக்கு வயித்துல கட்டின்னு டாக்டர் சொல்லிட்டாரு. நாளைக்குக் காலைல பஸ்ஸு, யாங்கோனுக்கு. கத்தி வைக்கப் போறாங்க. திரும்பி வருவேனோ என்னமோ." கரண்டியைக் குண்டானில் போட்டாள். "வராட்டி எனக்கு வடை மிச்சம். அது கெடக்கட்டும். அவன் ஏன் அப்படி நிக்கிறான், உங்களுக்குத் தெரியும்தானே? போறதுக்குள்ள சொல்லிடுங்க சாமி. பொய் மட்டும் சொல்லாதீங்க."

"நாளைக்குச் சொல்றேன்மா," என்று நந்தியர் நகர்ந்தார். பாத்திரம் கையில் கனத்தது.

அன்று பிற்பகல் ஓதல். மழை விட்டிருந்தது. தறிகள் நின்றிருந்ததால் மடத்தில் ஈ பறந்தால் கேட்கும். பார்வை மங்கி, எண்பத்தைந்தைத் தாண்டிவிட்ட சயாடோ முன்வரிசையில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நந்தியர் ஓதினார். பெரிய விதிகள் போயின, நடு விதிகள் போயின, சாப்பிடுவது நடப்பது உட்காருவது பற்றிய சின்ன விதிகள் வந்தன, முடிந்தன.

"இதில் நீங்கள் தூய்மையாக இருக்கிறீர்களா?"

கீழே, டொக்.

"இரண்டாம் முறை கேட்கிறேன், தூய்மையாக இருக்கிறீர்களா?"

டொக். இத்தனை கிட்டத்தில் இதற்கு முன் கேட்டதில்லை. அவர் உட்கார்ந்திருந்த பலகைக்கு நேர் கீழே.

மூன்றாம் முறை கேட்க வேண்டும். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. பிக்குகள் காத்திருந்தார்கள். முப்பது வருஷத்தில் ஒரு எழுத்துப் பிசகாதவர் நின்றுவிட்டார் என்றதும் இளைஞர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். கிழவருக்கு மாரடைப்போ என்று ஒருவர் எழுந்திருக்கப் பார்த்தார்.

ஓதலின் நடுவே ஒருவருக்குக் குற்றம் நினைவுக்கு வந்தால் என்ன செய்வது என்பதற்கும் விதி உண்டு. பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி வைக்கலாம். நந்தியர் பக்கத்திலிருந்த இளம் பிக்குவிடம் திரும்பினார்.

"எனக்கு ஒரு குற்றம் உண்டு. இங்கிருந்து எழுந்ததும் அதைத் தீர்த்துக்கொள்வேன்."

மெதுவாகத்தான் சொன்னார். அந்த நிசப்தத்தில் எல்லோருக்கும் கேட்டது. இளம் பிக்குவுக்குக் கண் பிதுங்கியது. நந்தியர் நிமிர்ந்து உட்கார்ந்து மூன்றாம் முறையும் கேட்டு, மிச்சத்தை ஓதி முடித்தார்.

எல்லோரும் கலைந்த பிறகு சயாடோ அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னடா நந்தியா, திருடினியா?"

"இல்லீங்க சாமி. பந்தாடினேன்."

"இந்த முழங்கால வச்சுக்கிட்டா?"

"அப்ப... கோசலரோட. பின்முத்தத்துல. மழையில."

சயாடோ கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றார். "அதுவா," என்றார். "அத நீ இன்னும் சொல்லலியா?"

நந்தியர் நிமிர்ந்து பார்த்தார்.

"மேல சன்னல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன்டா. எரும மாதிரி சேத்துல குதிச்சீங்க ரெண்டு பேரும். ஒரு செருமல் செருமியிருந்தா நிறுத்தியிருப்பீங்க. நான் செருமல. பந்து விழற வரைக்கும் பாத்தேன்." கிழவர் வாயில் ஒரு சிரிப்பு வந்து போனது. "சின்ன வயசுல உன்ன அந்தச் சன்னலுக்காக அடிச்சவன் நான். அன்னிக்கு நீ சிரிச்சது, எனக்கு நிம்மதியா இருந்துச்சு."

"கோசலர்..." என்றார் நந்தியர்.

"அவன் மறுநாள் ஓதல் முடிஞ்ச கையோட என்கிட்ட வந்துட்டானே. 'நாங்க ரெண்டு பேரும் சொல்லிக்கிட்டது செல்லாது சாமி, நந்தியர் சொல்லிக்குடுத்த பாடம்தான்'னு குந்தி உக்காந்துட்டான். அவன் ஆடினான், நான் வேடிக்க பாத்தேன். வேற வேற குத்தம். அதனால அவனோடத நான் வாங்கிக்கிட்டேன், என்னோடத அவன் வாங்கிக்கிட்டான். பாலிய நாசம் பண்ணிட்டான் படுபாவி."

"என்கிட்ட ஏன் சாமி சொல்லல?"

"'நந்தியர் தானா வருவாரு, நீங்க கேக்காதீங்க'ன்னு வாக்கு வாங்கிட்டான். நாங்க கேட்டா உனக்கு அவமானமாப் போயிடுமாம். நானும் காத்திருந்தேன். அப்புறம் அவன் போயிட்டான். நீ எங்கியாவது வெளி மடத்துல சொல்லியிருப்பேன்னு நெனச்சேன். அப்புறம் மறந்தே போச்சு. சின்ன விஷயம்டா அது!"

சின்ன விஷயம்! நந்தியர் தலையைப் பிடித்துக்கொண்டார். பாவம், அந்த மனுஷரை நினைத்தால் எனக்கே தாங்கவில்லை. தன்னந்தனியாக ஒரு இருட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் இன்னொருவன் இருக்கிறான் என்று முப்பது வருஷம் அவனுக்காக நகராமல் இருந்திருக்கிறார். அந்த இன்னொருவன் மறுநாளே எழுந்து போய்விட்டான். அப்படியானால் கீழே ஆடியது யார்?

"வா. வந்து உக்காரு," என்றார் சயாடோ.

முழங்கால் கடகடக்க நந்தியர் அவர் முன்னால் குந்தினார். வலது தோளிலிருந்து காவியை இறக்கி, கை கூப்பி, முப்பது வருஷத்துக் குற்றத்தையும், அதற்குப் பிறகு ஒவ்வொரு பட்சமும் சும்மா இருந்த குற்றத்தையும் சொன்னார்.

"காண்கிறாயா?"

பதில் சொல்லிவிட்டால் அந்தச் சத்தம் போய்விடும் என்று நந்தியருக்குத் தெரிந்தது. பயந்து பயந்து கேட்டாலும் அது ஒன்றுதான் கோசலர் என்று அவரிடம் மிச்சமிருந்தது. அதையும் விட்டுவிட்டால் அந்த மழைப் பிற்பகலை ஞாபகம் வைத்திருக்க வேறு யார்? சயாடோ அவசரப்படுத்தவில்லை. வெளியே பூவரசிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"காண்கிறேன்," என்றார். அழுதுகொண்டேதான் சொன்னார்.

"இனி அடக்கிக்கொள்."

"நன்று. அடக்கிக்கொள்வேன்."

மறுநாள் காலை மழை கொட்டியது. பஸ் நேரத்துக்குப் பயந்து ஓன் யீ கடையைத் திறக்கவில்லை. பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மூடிய கதவுக்கு முன்னால் சோற்றுக் குண்டானோடு நின்றாள். நந்தியர் பாத்திரத்தைத் திறந்தார். அவள் ஒரு கரண்டி போட்டாள். வடையும் இருந்தது.

"சொல்லுங்க சாமி."

"உங்கண்ணன் கால இறக்கி எவ்வளவோ காலம் ஆச்சும்மா. ஆத்துக்குப் போறதுக்கு முன்னாடியே இறக்கிட்டான்."

"அப்ப கனவுல?"

"ஒத்தக் கால்ல நின்னது அவன் இல்லம்மா. நான்தான். நீ என்னப் பாத்திருக்க."

ஓன் யீ கரண்டியோடு அவரையே பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவர் கண்ணைத் தூக்கி அவளை நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான். அவளுக்கு என்ன புரிந்ததோ. தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "முப்பது வருஷமாவா? கால் மரத்துப் போயிருக்கும் சாமி," என்றாள். "போங்க. போய் உக்காருங்க."

அன்று அந்த வடையை நந்தியர் சாப்பிட்டார்.

அதற்கடுத்த அமாவாசைக்குத் தறிகள் நின்றன. மடத்தில் எல்லோரும் கூடினார்கள். நந்தியர் ஓதினார், கடைசிப் பகுதிக்கு வந்தார், தூய்மையாக இருக்கிறீர்களா என்று முதல் முறை கேட்டார். கீழே சத்தமில்லை. இரண்டாம் முறை கேட்டார். ஒன்றுமில்லை. மூன்றாம் முறை கேட்பதற்கு முன் கொஞ்சம் பொறுத்தார். பக்கத்திலிருந்த இளம் பிக்கு திரும்பிப் பார்க்கும் அளவுக்குப் பொறுத்தார். அந்த டொக் ஒரே ஒரு தடவை காதில் விழுந்தால்கூடப் போதும் என்று இருந்தது அவருக்கு.